ஆள் அவரே, செல் மட்டும் வேறு: ஒரு சிறுகுடல் கட்டிச் செல் வரிசை பற்றிய நிகழ்வு ஆய்வு

வேலூரில் உள்ள ஒரு சிறிய ஆய்வகத்தில், சிறுகுடலின் நியூரோஎண்டோகிரைன் கட்டியிலிருந்து (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டி அது) வளர்த்தெடுத்த செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் இடைவிடாமல் பெருகும் ஒரே வகைச் செல்கள், என்று நம்பி, பதினான்கு மாதங்கள் நாங்கள் பேணிவந்த செல்கள், அதே நோயாளியின் ரத்த வெள்ளணுக்களே என்று பின்னர் தெரியவந்தது. ஏமாற்றியவர் எவரும் இல்லை. வெளியிலிருந்து வேறு செல் எதுவும் கலக்கவும் இல்லை. அடையாளச் சோதனையைச் செய்யாமலும் இருந்துவிடவில்லை. சோதனை செய்தோம், அது பொருந்தியது, பொருந்தியதாலேயே ஏமாந்தோம். அது எப்படி நேர்ந்தது என்பதை, அரிய புற்றுநோய்களில் செல் வரிசைகளைக் கையாளும் பிற ஆய்வாளர்களுக்காக இங்கே பதிவு செய்கிறோம்.

நோயாளி

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கைத்தறி லுங்கி நெய்பவர். ஐம்பதைக் கடந்த ஆண். அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நான்கு ஆண்டுகளாக அவருக்கு நாளொன்றுக்கு ஆறேழு முறை வயிறு நீராகப் போயிற்று; உண்ணாதிருந்தாலும் நிற்கவில்லை. தண்ணீர்க் கோளாறு என்றும் அமீபா என்றும் மருந்துகள் மாறின. அவ்வப்போது முகமும் காது மடலும் கழுத்தும் திடீரென்று சூடேறி, சில நிமிடங்களில் அடங்கிவிடும். வேலூர் வெயிலில் முகம் சூடாகிறது என்று ஒருவர் சொன்னால் யாரும் அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. பாடநூல் சொல்லும் சிவப்பும் கறுத்த தோலில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர்களில் இந்நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு இது ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

கடைசியில் ஒரு மருத்துவர் 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்னும் பொருளை, அதாவது இத்தகைய கட்டிகள் மிகுதியாகச் சுரக்கும் செரோடோனின் ஹார்மோனின் கழிவை, அளந்து பார்க்கச் சொன்னார். வாழைப்பழம், தக்காளி, அன்னாசி ஆகியவற்றிலும் செரோடோனின் இருப்பதால், சோதனைக்கு முன் மூன்று நாட்கள் அவர் வீட்டில் தக்காளி சேர்க்காத ரசம் வைத்தார்கள். அளவு இயல்பின் மேல் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. ஸ்கேனில் சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. கட்டியும், குடலைத் தாங்கும் சவ்வில் அதைவிடப் பெரிதாக, சுற்றியுள்ள திசுவைத் தன்பால் சுருக்கி இழுத்த ஒரு நிணநீர்க் கணுவும், கல்லீரலில் சில புள்ளிகளும் தெரிந்தன. மூலக் கட்டி சிறிதாகவும் கணு பெரிதாகவும் இருப்பது இந்நோயின் வழக்கமான தோற்றம். குடலின் ரத்தம் கல்லீரல் வழியாகவே செல்வதால், அங்கேயே செரோடோனின் பெரும்பாலும் சிதைக்கப்பட்டுவிடும். கல்லீரலிலும் நோய் பரவிய பிறகுதான் அது உடலெங்கும் கசிந்து இத்தகைய அறிகுறிகளைக் காட்டுகிறது.

குடலின் அப்பகுதியையும் கணுவையும் அறுவை செய்து அகற்றினார்கள். திசு ஆய்வில், நியூரோஎண்டோகிரைன் செல்களின் அடையாளப் புரதங்களான குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் இரண்டுக்கும் சாயம் தெளிவாக ஏறியிருந்தது. பெருகும் செல்களின் விகிதத்தைக் காட்டும் கி-67 குறியீடு 2 விழுக்காடு. 3 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் முதல் தரம், அதாவது மெதுவாக வளரும் வகை. இந்த 2 என்ற எண்ணை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

1907-இல் மியூனிக்கைச் சேர்ந்த நோயியலாளர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் இத்தகைய கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு', அதாவது 'புற்றுநோய் போன்றது' என்று பெயரிட்டார். புற்றுநோய் போன்றது அன்று, புற்றுநோயேதான் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் வேகம் மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் உடலோடு இருந்துகொண்டே பரவும்.

ஒப்புதல் படிவத்தை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், திசுவைச் சேமித்துவைத்துப் பின்னர் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கும் ஒப்புதல் தேவை என்பதை விரிவாகப் பேசுகின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எனுக்குள்ள வளந்தத வெட்டி எடுத்துட்டு, நீங்க இன்னாத்துக்கு சார் அத மறுபடியும் வளக்கறீங்கோ?"

ஏன் வளர்க்கிறோம்

அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்துச் சொல்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கோ பெருங்குடல் புற்றுநோய்க்கோ நூற்றுக்குக் குறையாத செல் வரிசைகள் உலகெங்கும் உள்ளன. ஒன்று பிசகினாலும் மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறுகுடல், கணையம் ஆகியவற்றின் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கோ பரவலாகப் புழங்குபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கணையத்தைப் பொறுத்தவரை நெடுங்காலம் பான்-1, கியூ.ஜி.பி.-1 என்ற இரண்டையே எல்லோரும் நம்பியிருந்தார்கள். இரண்டிலும், கட்டி வளராமல் தடுக்கும் டி.பி.53 மரபணு மாற்றமடைந்துள்ளது, பான்-1-இல் அத்தகைய மற்றொரு மரபணுவான சி.டி.கே.என்.2ஏ முற்றாகவே இல்லை. மெதுவாக வளரும் கணையக் கட்டிகளில் 2011-இல் வெளியான மரபணு ஆய்வு கண்டதோ வேறு: 44 விழுக்காட்டில் மென்-1 மரபணுவிலும், 43 விழுக்காட்டில் டாக்ஸ் அல்லது ஏ.டி.ஆர்.எக்ஸ். மரபணுவிலும் மாற்றம். டி.பி.53 மாற்றம் அவற்றில் அரிது. ஆகவே தட்டில் வேகமாக ஓடும் அந்தச் செல்கள், நோயாளியின் உடலில் நிதானமாக இருக்கும் கட்டிக்கு நேரான பிரதி அல்ல. மெதுவாக வளரும் கட்டியிலிருந்து வேகமாக வளர்வதை மட்டும் தேர்ந்தெடுப்பது வளர்ப்புத் தட்டின் இயல்பு.

சிறுகுடலின் நிலை இன்னும் மோசம். சுவீடனின் யோத்தேபோரி நகரில், ஒரு நோயாளியின் கல்லீரல் பரவலிலிருந்து உருவாக்கப்பட்டு 2001-இல் விவரிக்கப்பட்ட ஜி.ஓ.டி.1, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து 1996-இல் வந்த கே.ஆர்.ஜே.-1, அதே குழு 2009-இல் ஒரே நோயாளியின் மூலக் கட்டி, நிணநீர்க் கணு, கல்லீரல் ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்துத் தந்த பி-எஸ்.டி.எஸ்., எல்-எஸ்.டி.எஸ்., எச்-எஸ்.டி.எஸ். என்ற மூன்று. இவற்றுடன் இந்திய நோயாளி ஒருவரின் செல் வரிசையும் சேர வேண்டும் என்பது எங்கள் ஆசை. தொலைதூர மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வந்து தங்குவதால் விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்து தென்படும் ஊர் வேலூர். பிற ஊர்களில் அரியதாக இருக்கும் நோய் இங்கே அவ்வளவு அரியதன்று. எனவே அந்த ஆசையில் பிழையில்லை என்றே இப்போதும் நினைக்கிறோம்.

வளர்ப்பு

நிணநீர்க் கணுவிலிருந்து வெட்டிய துண்டு, பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்து சேர்ந்தது. மூலக் கட்டியை விடுத்துக் கணுவை எடுத்ததற்குக் காரணம் எளியது: கணு பெரியது, நோயியல் பிரிவுக்குக் கொடுத்தது போகவும் திசு மிஞ்சியது. அத்துடன், குடலின் உட்புறத்திலுள்ள பாக்டீரியாக்கள் வளர்ப்பைக் கெடுக்கும் அச்சமும் கணுவில் இல்லை. நிணநீர்க் கணு என்பது பி லிம்போசைட்டுகள், அதாவது பி செல்கள் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள், குடியிருக்கும் இடம் என்பதை மருத்துவம் படித்த எவரும் அறிவர். நாங்களும் அறிவோம். அந்த அறிவு அன்று எங்களுக்கு உதவவில்லை.

நொதியால் திசுவைப் பிரித்து, கன்றுக் கரு சீரம் கலந்த மீடியத்தில் விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தோம். முதல் மூன்று வாரங்கள் இணைப்புத் திசுச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்டுகள் தட்டின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்தன. அவற்றின்மேல் ஆங்காங்கே உருண்டையான சிறு செல்கள் ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. இரண்டாவது பாசேஜில், அதாவது செல்களைப் பிரித்துப் புதிய தட்டுக்கு மாற்றிய இரண்டாம் முறையில், சில செல்களை எடுத்துக் குரோமோகிரானினுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்களில் ஏறியிருந்தது. ஆய்வேட்டில் 'குரோமோகிரானின்: நேர்மறை' என்று எழுதினோம். இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகுந்த கேடு செய்தது அந்த ஒரு வரிதான். அது எழுதிய நாளில் உண்மை. அந்த நாளின் செல்களுக்கு மட்டுமே உண்மை என்பதை அதன் அருகில் நாங்கள் எழுதவில்லை.

ஏழாவது வாரத்தில் மிதக்கும் கொத்துகள் தோன்றின. திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கொண்டு மீடியத்தில் மிதந்தன. தட்டினால் பிரிந்தன, மறுநாளே மீண்டும் கூடின. நியூரோஎண்டோகிரைன் செல்கள் வளர்ப்பில் அடியில் ஒட்டாமல் கொத்தாக மிதப்பதுண்டு. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயின் பல செல் வரிசைகள் அப்படித்தான் வளர்கின்றன. எனவே கொத்துகளைக் கண்டதும் மகிழ்ந்தோம். மிதப்பவற்றை மட்டும் வடித்து எடுத்ததால் ஃபைப்ரோபிளாஸ்டுகளும் ஒழிந்தன. பத்தாவது வாரத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை செல்கள் இரட்டித்தன. மீடியம் மஞ்சளாவதற்குள் மாற்ற வேண்டியிருந்ததால், ஆய்வு மாணவி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்துபோனார்.

இங்கேதான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நூறு செல்களில் இரண்டே சுழற்சியில் இருக்கும் ஒரு கட்டியின் செல்கள், தட்டில் விட்டதும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மொத்தமாக இரட்டிக்க வேண்டுமானால், ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஒரே சமயத்தில் சுழற்சிக்குள் வந்திருக்க வேண்டும். தேர்வின் விளைவாகச் சற்று வேகம் கூடலாம். இந்த அளவுக்குக் கூடுவதற்கு விளக்கம் தேவை. முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஜி.ஓ.டி.1 போன்ற சிறுகுடல் வரிசை இரட்டிக்க வாரக்கணக்கில் ஆகும். எங்கள் செல்களின் வேகத்தை எச்சரிக்கையாகக் கொள்ளாமல் வெற்றியாகவே எடுத்துக்கொண்டோம்.

ஆறாவது மாதத்தில் அடையாளச் சோதனைக்கு அனுப்பினோம். மரபணுத்தொகுதியில் ஆளுக்கு ஆள் நீளம் மாறும் குறுந்தொடர் மீள்வுகளைக் கணக்கிடும் எஸ்.டி.ஆர். சோதனை அது. செல் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துபோவது பழைய நோய். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து வந்த ஹீலா செல்கள் எத்தனையோ பிற வரிசைகளுக்குள் புகுந்து அவற்றை விழுங்கிவிட்டன என்பதை 1966-இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டினார். அதிலிருந்து பாடம் கற்றவர்களாக, நோயாளியின் ரத்த மாதிரியையும் செல்களையும் ஒப்பிட்டோம். எல்லா இடங்களிலும் முழுப் பொருத்தம். செல் வளர்ப்புகளைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றும் இல்லை. செல் வரிசைக்குப் பெயர் வைத்து, நாற்பது குழாய்களைத் திரவ நைட்ரஜனில் இறக்கினோம்.

மருந்துகள் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

அடுத்த சில மாதங்கள் மருந்துச் சோதனை. நோயாளிக்கு ஊசியாகச் செலுத்தப்படும் ஆக்ட்ரியோடைடு, செல்களை ஒன்றும் செய்யவில்லை. செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்.டோர் புரதத்தைத் தடுக்கும் எவரோலிமஸ் என்ற மருந்து வளர்ச்சியைக் கணிசமாகக் குறைத்தது. எவரோலிமஸ் இவ்வகைக் கட்டிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அமெரிக்காவில் கணையக் கட்டிகளுக்கு 2011-இலும், ஹார்மோன் அறிகுறி காட்டாத குடல், நுரையீரல் கட்டிகளுக்கு 2016-இலும் ஒப்புதல் பெற்றது. ஆகவே முடிவு எதிர்பார்த்தபடியே வந்தது என்று மகிழ்ந்தோம். ஆக்ட்ரியோடைடு வேலை செய்யாததற்கும் ஆயத்தமான விளக்கம் ஒன்று இருந்தது: வளர்ப்பில் செல்கள், ஆக்ட்ரியோடைடு பற்றிக்கொள்ளும் சோமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளை இழந்துவிடுவதுண்டு, பான்-1, கியூ.ஜி.பி.-1 இரண்டிலும் அவை குறைவு. பொருந்திய முடிவைச் சான்றாக ஏற்றோம். பொருந்தாததை விதிவிலக்காக ஒதுக்கினோம். எவரோலிமஸ் போன்ற மருந்துகள், பெரும்பாலோர் உடலில் தங்கியிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸால் பெருகும் பி செல்களையும் அடக்கக்கூடியவை என்பது அப்போது எங்கள் நினைவுக்கு எட்டவில்லை.

ஐயம் முதலில் எழுந்தது எங்களுக்கன்று. வேறு வேலையாக வந்திருந்த மூத்த நோயியல் மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்துவிட்டு, மாணவியிடம், "என்னம்மா, லிம்போமா வேலையும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். லிம்போமா என்பது லிம்போசைட்டுகளின் புற்றுநோய். மாணவி இல்லையென்று விளக்கினார். அவர் மறுபடியும் குனிந்து பார்த்து, ஒரு பக்கம் வால்போல் நீண்ட செல்களைச் சுட்டிக்காட்டி, "சிடி இருபது போட்டுப் பாரும்மா. தப்பா இருந்தா நான் டீ வாங்கித் தர்றேன்" என்றார்.

டீயை நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம். பி செல்களின் அடையாளப் புரதங்களான சி.டி.19, சி.டி.20 இரண்டும் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருந்தன. குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் எதிலும் இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸின் சிற்றார்.என்.ஏ.வைத் தேடும் ஈபர் சோதனையில் உட்கருக்கள் நிறைந்து தெரிந்தன. கடைசியாக, நோயாளியின் கட்டித் திசுவில் குரோமோசோம் 18-இன் ஒரு பிரதி இழக்கப்பட்டிருந்தது; இது சிறுகுடல் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் மாற்றம். மிதந்த செல்களில் குரோமோசோம் 18 இரண்டும் குறைவின்றி இருந்தன. அதற்குமேல் வாதிட ஒன்றுமில்லை.

நடந்தது என்ன

வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தம் பி செல்களில் வாழ்நாள் முழுதும் சுமக்கிறார்கள். 1964-இல் பர்கிட் லிம்போமா செல் வளர்ப்பில் கண்டறியப்பட்ட வைரஸ் இது. உடலுக்குள் டி செல்கள் என்ற வேறுவகை வெள்ளணுக்கள் அதைக் காவல் காக்கின்றன. வளர்ப்புத் தட்டில் டி செல்களுக்கு வேண்டிய ஊக்கிகளை யாரும் ஊற்றுவதில்லை. சில வாரங்களில் அவை மடிகின்றன. காவல் நீங்கியதும் வைரஸ் சுமந்த பி செல்கள் சாகாவரம் பெற்றுப் பெருகத் தொடங்குகின்றன. ஆய்வகங்கள் இதையே வேண்டுமென்றும் செய்வதுண்டு: ரத்த பி செல்களில் வைரஸைச் சேர்த்து, டி செல்களை சைக்ளோஸ்போரின் மருந்தால் அடக்கினால் சில வாரங்களில் லிம்போபிளாஸ்டாய்டு வரிசை, அதாவது சாகாமல் பெருகும் பி செல் வரிசை, கிடைத்துவிடும். அவர்கள் திட்டமிட்டுச் செய்வதை நாங்கள் அறியாமல் செய்திருந்தோம். மெய்யான கட்டிச் செல்கள் பிரியாமல், சாகாமல் சில வாரங்கள் உடன் இருந்தன. இரண்டாவது பாசேஜில் குரோமோகிரானின் ஏறியவை அவைதாம். ஒவ்வொரு முறை செல்களைப் பிரித்து மாற்றும்போதும், பெருகாத அவை பாதியாகக் குறைந்து, பெருகியவற்றுக்குள் கரைந்துபோயின.

எஸ்.டி.ஆர். சோதனை இதைக் காட்டாததில் வியப்பில்லை. இவை யாருடைய செல்கள் என்பதற்கு அது விடை சொல்லும். எந்தத் திசுவின் செல்கள் என்று அதைக் கேட்கவே முடியாது. நோயாளியின் கட்டிக்கும் அவரது வெள்ளணுவுக்கும் அந்த மீள்வுகள் பெரும்பாலும் ஒன்றே. சொல்லப்போனால், கட்டிச் செல்களில் குரோமோசோம் இழப்புகள் இருப்பதால் ஓரிரு இடங்களில் பொருத்தம் குலைவது இயல்பு. குறையே இல்லாத முழுப் பொருத்தம் எங்களை அப்போதே சற்று உறுத்தியிருக்க வேண்டும்.

இப்படி ஏமாந்த முதல் ஆய்வகமும் எங்களுடையது அன்று. 2018-இல் யோத்தேபோரி குழு ஏழு செல் வரிசைகளை ஒருசேரச் சோதித்து வெளியிட்ட கட்டுரை எங்கள் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. ஜி.ஓ.டி.1, பி-எஸ்.டி.எஸ்., பான்-1, கியூ.ஜி.பி.-1 ஆகிய நான்கும் நியூரோஎண்டோகிரைன் இயல்புள்ளவை, கே.ஆர்.ஜே.-1, எல்-எஸ்.டி.எஸ்., எச்-எஸ்.டி.எஸ். மூன்றும் லிம்போபிளாஸ்டாய்டு செல்கள் என்று அது நிறுவியது. கே.ஆர்.ஜே.-1 அறிமுகமாகி அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே நோயாளியின் மூன்று வரிசைகளில் மூலக் கட்டியிலிருந்து வந்தது மட்டும் மெய்யானதாக நின்றது. கணுவிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வந்தவை தவறின. அதைப் படித்தபோது, 'அடடா, இப்படியும் நடக்குமா' என்று பேசிக்கொண்டோம். பிறகு கோப்பை மூடிவிட்டுக் கணுவையே வெட்டி எடுத்தோம்.

அதே கட்டுரையின் மற்றொரு பகுதியும் கவனத்துக்குரியது. மெய்யான நான்கிலும் பெருமளவில் மருந்துகளைச் சோதித்தபோது, கணைய வரிசைகள் மெக் தடுப்பான்கள் என்ற மருந்து வகைக்கும், சிறுகுடல் வரிசைகள் எச்.டி.ஏ.சி. தடுப்பான்கள் என்ற மற்றொரு வகைக்கும் கூடுதலாக இணங்கின. உறுப்பு மாறினால் மருந்தின் விடையும் மாறுகிறது. அப்படியிருக்க, லிம்போசைட்டில் பெற்ற விடையைச் சிறுகுடல் கட்டியின் விடையாக எடுத்துக்கொண்டு மேலே கட்டப்பட்ட ஆய்வுகளின் நிலை என்ன என்பது எளிய கேள்வி அன்று. எங்கள் எவரோலிமஸ் முடிவு அச்சேறாதது எங்கள் நல்லூழ். எழுதி முடித்த கட்டுரை மாணவியின் மடிக்கணினியில் அனுப்பத் தயாராக இருந்தது.

எலியில் வளர்த்திருந்தால் தப்பியிருப்போமா என்று கேட்டவர்களுண்டு. தப்பியிருக்க மாட்டோம். நோய் எதிர்ப்பாற்றல் நீக்கப்பட்ட எலிகளில் மனிதக் கட்டித் துண்டை நடும்போதும் இதே வைரஸ் சுமந்த பி செல்கள் லிம்போமாவாக முளைப்பது பலமுறை பதிவாகியுள்ளது. அங்கும் டி செல் காவல் இல்லை.

பின்னர்

இப்போது எந்தத் திசு வந்தாலும், அடையாளச் சோதனைக்கு முன்பே சி.டி.20, ஈபர் இரண்டையும் பார்க்கிறோம். குரோமோகிரானினை ஐந்து பாசேஜுக்கு ஒருமுறை மறுபடியும் பார்த்து, ஆய்வேட்டில் பாசேஜ் எண்ணோடு சேர்த்தே எழுதுகிறோம். கட்டித் திசுவில் கண்ட குரோமோசோம் மாற்றம் வளர்ந்த செல்களிலும் இருக்கிறதா என்பதே முதன்மைச் சான்று. செலவு கூடுகிறது, இரண்டு மாணவர்களின் ஓராண்டு உழைப்போடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அன்று.

நாற்பது குழாய்களையும் எறிந்துவிடவில்லை. பழைய பெயரை நீக்கி, 'பி லிம்போபிளாஸ்டாய்டு, வைரஸ் உள்ளது' என்று புதிய சீட்டு ஒட்டியிருக்கிறோம். கட்டியின் மரபணு மாற்றங்களை அதே ஆளின் பிறவி மரபணுவோடு ஒப்பிட, வற்றாத ஆதாரமாக அவை பயன்படுகின்றன. அதே அறுவையில் உறைய வைத்திருந்த மூலக் கட்டியின் சிறு துண்டை, ஜெல் போன்ற ஊடகத்தில், சீரம் இல்லாமல் தனியே வளர்க்க முயன்றோம். ஐந்தாவது மாதத்தில் அதில் சில கொத்துகள் உயிரோடு இருக்கின்றன. குரோமோகிரானின் ஏறுகிறது, குரோமோசோம் 18 ஒன்றே இருக்கிறது. எண்ணிக்கை கூடவில்லை.

நோயாளி இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ஊசிக்காக வருகிறார். வயிற்றுப்போக்கு நாளுக்கு இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது. தறியில் அரை நாள் உட்கார முடிகிறதாம். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்போ இத்தினி நாளா நீங்க வளத்தது என் ரத்தமா சார்?" என்றார். ஆமாம் என்றோம். "சரி, அந்த இன்னொண்ணு?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறது, இன்னும் வளரவில்லை என்று சொன்னோம்.